வெடிக்காது சரி... அப்போ ஆபத்தே இல்லையா? அணுக்கரு இணைவு மின் நிலையங்கள் பற்றி தெரிஞ்சுக்க வேண்டியவை

'செயற்கைச் சூரியன்' என்ற பெயரில் அடிக்கடி செய்திகளில் அடிபடும் அணுக்கரு இணைவு, இப்போது ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள செஸ்டர்ஃபீல்டு கவுண்டியில், 400 மெகாவாட் இணைவு மின் நிலையம் கட்டப்போவதாக காமன்வெல்த் ஃப்யூஷன் சிஸ்டம்ஸ் நிறுவனம் 2024 டிசம்பரில் அறிவித்தது. இன்னும் கட்டவே கட்டாத அந்த நிலையத்தில் இருந்து 200 மெகாவாட் மின்சாரம் வாங்க, 2025 ஜூனில் கூகுள் ஒப்பந்தமே போட்டுவிட்டது. பிரிட்டனோ, நாட்டிங்ஹாம்ஷயரில் பழைய அனல் மின் நிலையம் இருந்த இடத்தில் இணைவு மின் நிலையம் அமைக்கத் திட்டமிட்டுள்ளது.

இந்தத் திட்டங்களைப் பற்றிப் பேசும் எல்லோரும் தவறாமல் சொல்லும் ஒரு வரி உண்டு: "இது பாதுகாப்பானது. செர்னோபில், ஃபுகுஷிமா மாதிரி விபத்து இதில் நடக்கவே நடக்காது."

இது உண்மைதானா? உண்மைதான். ஆனால் அது பாதி பதில். மீதிப் பாதி என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

பிளவுக்கும் இணைவுக்கும் என்ன வித்தியாசம்?

கூடங்குளம், கல்பாக்கம் என நமக்குத் தெரிந்த அணு உலைகள் எல்லாமே அணுக்கரு பிளவு முறையில் இயங்குபவை. யுரேனியம் போன்ற கனமான அணுவின் கருவை நியூட்ரான் மூலம் உடைக்கும்போது வெப்பம் வெளிப்படும். அதோடு புது நியூட்ரான்களும் வெளிவந்து அடுத்தடுத்த அணுக்களை உடைக்கும். இதுதான் தொடர்வினை.

இணைவு இதற்கு நேர் எதிர். ஹைட்ரஜனின் இரண்டு வகைகளான டியூட்டீரியமும் ட்ரிட்டியமும் ஒன்றாகச் சேர்ந்து ஹீலியமாக மாறும். கூடவே ஒரு நியூட்ரான் அசுர வேகத்தில் வெளியே பாயும். அந்த நியூட்ரான் கொண்டு போகும் ஆற்றலைத்தான் வெப்பமாக்கி, நீராவியாக்கி, மின்சாரம் எடுக்கப் போகிறார்கள்.

ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் இரண்டு அணுக்கருக்களைச் சேர்த்து வைப்பது லேசான வேலை இல்லை. அதற்கு சுமார் 15 கோடி டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சூரியனின் மையத்தைவிட இது 10 மடங்கு அதிகம். அந்த வெப்பத்தில் எரிபொருள் பிளாஸ்மா நிலைக்குப் போய்விடும். அதை எந்தப் பாத்திரத்திலும் வைக்க முடியாது என்பதால், சக்திவாய்ந்த காந்தங்களால் சுவரில் படாமல் பிடித்து வைப்பார்கள். 'டோகாமாக்' என்று சொல்லப்படும் வளைய வடிவ இயந்திரம் செய்வது இதைத்தான்.

15 கோடி டிகிரி... வெடிச்சுடாதா?

இந்த எண்ணைக் கேட்டதும் எல்லோருக்கும் வரும் பயம் இது. ஆனால் சூடு வேறு, அதில் அடங்கியிருக்கும் மொத்த ஆற்றல் வேறு. கொதிக்கும் அண்டா நீரைவிட மத்தாப்புப் பொறியின் சூடு பல மடங்கு அதிகம். ஆனால் பொறி கையில் பட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். அண்டா கவிழ்ந்தால் கதை வேறு.

செர்னோபில் உலைக்குள் 1986-ல் ஏறத்தாழ 190 டன் எரிபொருள் இருந்தது. பிளவு உலைகளில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஓடுவதற்கான எரிபொருள் மொத்தமும் உலைக்குள்ளேயே இருக்கும். இணைவு இயந்திரத்திலோ எந்த நொடியிலும் உள்ளே இருப்பது ஒரு சில கிராமுக்குள்தான். பிரிட்டனின் ஜெட் இயந்திரம் 2023 அக்டோபரில் 69 மெகாஜூல் ஆற்றலை உருவாக்கி சாதனை படைத்தபோது, அதற்குச் செலவான எரிபொருள் வெறும் 0.2 மில்லிகிராம்.

இதை கேஸ் அடுப்போடு ஒப்பிடலாம். எரிவாயு வந்துகொண்டே இருந்தால்தான் தீ எரியும். திருகைத் திருப்பினால் அணைந்துவிடும். இணைவும் அப்படித்தான். எரிபொருள் நின்றாலோ, காந்தம் தடுமாறினாலோ, ஒரு துளை வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்தாலோ பிளாஸ்மா குளிர்ந்து நொடியில் அணைந்துவிடும். தொடர்வினை என்பதே இதில் கிடையாது. கட்டுப்பாட்டை மீறி ஓட அதற்கு வழியே இல்லை.

அதனால்தான் விஞ்ஞானிகள் தைரியமாகச் சொல்கிறார்கள், "உலை உருகாது" என்று. இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது இயற்பியல், விளம்பரம் இல்லை.

அப்போ ஆபத்து எங்கே இருக்கு?

இங்கே ஆபத்து இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஒரே நாளில் ஊரையே காலி செய்ய வைக்கும் பெரும் விபத்துக்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாத கசிவு, கதிரியக்கம் ஏறிய இரும்பு, காந்தத்தில் அடைபட்ட ஆற்றல், நச்சுத் தூசு என்று அது பல துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. வேலிக்கு வெளியே இருக்கும் ஊரைவிட, வேலிக்கு உள்ளே வேலை செய்யும் ஊழியர்களுக்குத்தான் இதில் பலவும் நேரடி ஆபத்து. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ட்ரிட்டியம்: தண்ணீராக மாறும் கதிரியக்கம்

இணைவு நிலையங்களைப் பொறுத்தவரை முதல் கவலை ட்ரிட்டியம்தான். இது கதிரியக்கம் கொண்ட ஹைட்ரஜன். அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். அதாவது, அந்தக் காலத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும். இதன் கதிர்வீச்சு மிகவும் பலவீனமானது. காற்றில் சில மில்லிமீட்டர் தூரம்கூடத் தாண்டாது. நம் தோலே அதைத் தடுத்துவிடும்.

அப்புறம் என்ன பிரச்னை? ட்ரிட்டியம் ஒரு ஹைட்ரஜன் என்பதுதான் பிரச்னை. ஆக்சிஜனோடு சேர்ந்தால் அது தண்ணீராகிவிடும். பார்க்க, குடிக்க, சாதாரண தண்ணீருக்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. குடித்தாலும், ஆவியாகச் சுவாசித்தாலும், தோல் வழியாகவும் உடலுக்குள் போய்விடும். உள்ளே போன பிறகு தோல் என்ற தடுப்புக்கு வேலை இல்லை. வாயு வடிவில் இருப்பதைவிட தண்ணீர் வடிவில் இருக்கும் ட்ரிட்டியம் உடலுக்குத் தரும் கதிர்வீச்சு சுமார் 10,000 மடங்கு அதிகம்.

இது வெறும் கற்பனை இல்லை. கர்நாடகாவின் கைகா அணுமின் நிலையத்தில் 2009 நவம்பரில் நடந்தது நினைவிருக்கலாம். ஊழியர்கள் குடிக்கும் வாட்டர் கூலரில் ட்ரிட்டியம் கலந்த கனநீர் சேர்ந்திருந்தது. 50-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் உடலில் ட்ரிட்டியம் ஏறியது வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில்தான் தெரிய வந்தது. யாரோ வேண்டுமென்றே கலந்திருக்கலாம் என்று அப்போது சந்தேகிக்கப்பட்டது. கைகா ஒரு பிளவு உலைதான், இணைவு உலை இல்லை. ஆனால் ட்ரிட்டியம் எப்படி ஆளைத் தேடி வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வெடிச்சத்தம் இல்லை, புகை இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தார்கள், அவ்வளவுதான்.

நல்ல செய்தியும் உண்டு. உடலில் சேர்ந்த ட்ரிட்டியம் அங்கேயே தங்கிவிடாது. சுமார் 10 நாட்களில் பாதி அளவு சிறுநீர், வியர்வை வழியாக வெளியேறிவிடும். நிறைய தண்ணீர் குடித்தால் இன்னும் சீக்கிரம் போகும்.

ஆனால் அளவு முக்கியம். 1,000 மெகாவாட் இணைவு ஆற்றலை ஓர் ஆண்டு முழுக்க உருவாக்க சுமார் 56 கிலோ ட்ரிட்டியம் தேவை. உலகம் முழுக்க மின் உற்பத்தித் துறையிடம் இருக்கும் ட்ரிட்டியம் மொத்தமே 25 முதல் 30 கிலோ என்பதுதான் பொதுவான மதிப்பீடு. அதனால் ஒவ்வொரு நிலையமும் தனக்கு வேண்டிய ட்ரிட்டியத்தை லித்தியத்தில் இருந்து தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். உள்ளே போகும் எரிபொருளில் சிறு பகுதிதான் எரியும். மீதியைப் பிரித்தெடுத்து, சுத்தம் செய்து, மறுபடி அனுப்ப வேண்டும். இப்படி நாள் முழுக்க குழாய்களில் சுற்றிக்கொண்டிருக்கும் ட்ரிட்டியம், சூடான எஃகின் ஊடாகவே மெல்லக் கசியும் தன்மை கொண்டது. சுவர்களிலும் போய் ஒட்டிக்கொள்ளும். பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் இயந்திரத்தின் கலனுக்குள் இப்படிச் சேரும் ட்ரிட்டியம் 1 கிலோவைத் தாண்டக்கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள்.

2. நியூட்ரான்: காந்தத்துக்கு அடங்காதது

பிளாஸ்மாவை காந்தம் பிடித்து வைக்கும். ஆனால் நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. காந்தம் அதை ஒன்றும் செய்ய முடியாது. நேராகப் பாய்ந்து சுவரில் மோதும். அதன் ஆற்றல், பிளவு உலையில் வரும் சராசரி நியூட்ரானைவிட 7 மடங்கு அதிகம்.

இந்த அடியில் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, எஃகு மெல்ல மெல்ல வலுவிழந்து நொறுங்கும் தன்மைக்கு வரும். இரண்டு, அந்த எஃகே கதிரியக்கம் கொண்டதாக மாறிவிடும். இயந்திரத்தை நிறுத்திய பிறகும் அதன் பக்கத்தில் மனிதர்கள் போக முடியாது. ஜெட் இயந்திரத்தின் உட்புறப் பராமரிப்பு வேலைகளை, அறைக்கு வெளியே இருந்து இயக்கும் ரோபோ கைகள்தான் செய்தன.

சரி, கழிவு? பிளவு உலையின் பயன்படுத்திய எரிபொருளை பல்லாயிரம் ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். இணைவில் அந்த வகைக் கழிவு இல்லை. ஆனால் கதிரியக்கம் ஏறிய எஃகின் அளவு கொஞ்சநஞ்சம் இருக்காது. நிலையத்தின் ஆயுளில் உட்சுவர்களைப் பல முறை மாற்ற வேண்டியிருக்கும். சுமார் 100 ஆண்டுகளில் அவற்றின் கதிரியக்கம் போதுமான அளவு தணிந்துவிட வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் இலக்கு.

அந்த இலக்கு எஃகில் என்ன கலக்கிறோம் என்பதைப் பொறுத்தது. உதாரணத்துக்கு, நியோபியம் என்ற உலோகம் எஃகில் இருந்தால், நியூட்ரான் பட்டு சுமார் 20,000 ஆண்டு அரை ஆயுள் கொண்ட கதிரியக்கப் பொருளாக அது மாறும். அதனால் நியோபியம், மாலிப்டினம், நிக்கல் போன்றவற்றைக் குறைத்து டங்ஸ்டன், டான்டலம் சேர்த்த தனி எஃகு தயாரிக்கிறார்கள். இந்தியாவும் இப்படி ஓர் எஃகை உருவாக்கியிருக்கிறது. ஆக, '100 ஆண்டு' என்பது தானாக வந்துவிடும் பலன் இல்லை. எஃகு ஆலையில் தொடங்கும் கவனம்.

3. அணைத்த பிறகும் தணியாத சூடு

ஃபுகுஷிமாவில் 2011-ல் என்ன நடந்தது? நிலநடுக்கம் வந்ததுமே ஓடிக்கொண்டிருந்த உலைகள் தானாக நின்றுவிட்டன. தொடர்வினை நின்றது. ஆனாலும் உருகின. காரணம், கதிரியக்கப் பொருட்கள் சிதையும்போது வரும் எஞ்சிய வெப்பம். சுனாமி, குளிர்விக்கும் பம்புகளுக்கான மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது.

இணைவிலும் இந்த எஞ்சிய வெப்பம் உண்டு. பிளாஸ்மா அணைந்தாலும், கதிரியக்கம் ஏறிய சுவர்கள் சூட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பிளவு உலையோடு ஒப்பிட்டால் இது குறைவு, பெரிய பரப்பில் பரவியும் இருக்கும். உலையே உருகும் அளவுக்குப் போகாது. ஆனால் ஆண்டு முழுக்க ஓடும் பெரிய நிலையத்தில் குளிர்விப்பு அறவே நின்று, அதே நேரம் காற்றோ நீராவியோ உள்ளே புகுந்தால்? சூடான டங்ஸ்டன் ஆக்சிஜனோடு சேர்ந்து, கதிரியக்கத்தோடு ஆவியாகக்கூடிய பொருளாக மாறும். அதனால்தான் பம்பே ஓடாவிட்டாலும் தானாகக் குளிரும் வடிவமைப்பு இதில் கட்டாயமாகப் பார்க்கப்படுகிறது.

4. காந்தத்தில் அடைபட்ட 14,000 யூனிட்

ஈட்டரின் காந்தங்களில் மொத்தமாகச் சேமிக்கப்படும் ஆற்றல் 51 கிகாஜூல். நம் வீட்டு மீட்டர் கணக்கில் சொன்னால் சுமார் 14,000 யூனிட். இவை மீக்கடத்தி காந்தங்கள். மைனஸ் 269 டிகிரியில், திரவ ஹீலியம் நிலவும் குளிரில் இருந்தால்தான் வேலை செய்யும். ஏதோ ஓர் இடத்தில் சூடேறி மீக்கடத்தும் தன்மை போனால், அந்த ஆற்றல் முழுவதையும் பத்திரமாக வெளியே எடுத்தாக வேண்டும்.

எடுக்க முடியாமல் போனால்? சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லையில் உள்ள செர்ன் ஆய்வகம் அதைப் பார்த்திருக்கிறது. அங்குள்ள பெரிய துகள் மோதல் இயந்திரம் 2008 செப்டம்பர் 10-ல் தொடங்கியது. ஒன்பதே நாளில், இரண்டு காந்தங்களுக்கு இடையிலான மின் இணைப்பில் கோளாறு. மின்பொறி பறந்து ஹீலியம் இருந்த பகுதியில் ஓட்டை விழுந்தது. சுமார் 6 டன் ஹீலியம் சுரங்கப்பாதையில் பரவியது. டன் கணக்கில் எடையுள்ள காந்தங்கள் இடம் பெயர்ந்தன. 53 காந்தங்களை வெளியே எடுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. இயந்திரம் மறுபடி ஓட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஹீலியம் நச்சு வாயு இல்லை. ஆனால் மூடிய அறையில் பரவினால் ஆக்சிஜனை விரட்டிவிடும். மூச்சுத் திணற அது போதும்.

5. லித்தியமும் நச்சுத் தூசும்

ட்ரிட்டியம் தயாரிக்க லித்தியம் வேண்டும் என்று பார்த்தோம். திரவ லித்தியம் தண்ணீரோடு சேர்ந்தால் கடுமையாக வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அதனால் ஈயத்தோடு கலந்த லித்தியம், பீங்கான் உருண்டை வடிவ லித்தியம் என்று மாற்று வழிகளைப் பலரும் தேடுகிறார்கள்.

அடுத்தது பெரிலியம். ஈட்டரின் உட்சுவருக்கு முதலில் தேர்வான உலோகம் இதுதான். இதன் தூசைச் சுவாசித்தால் தீராத நுரையீரல் நோய் வரலாம். பின்னர் திட்டத்தை மாற்றி, டங்ஸ்டனுக்குப் போக ஈட்டர் முடிவு செய்தது. பெரிலியத்தைக் கையாளுவதில் உள்ள இந்தச் சிரமமும் அந்த முடிவுக்கு ஒரு காரணம்.

2022: பிரான்ஸ் போட்ட பிரேக்

இதெல்லாம் காகிதத்தில் இருக்கும் கவலைகள்தானே என்று தோன்றலாம். தெற்கு பிரான்சின் கடராஷில் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

இந்தியா, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென்கொரியா ஆகியவை சேர்ந்து அங்கே கட்டுவதுதான் ஈட்டர். கட்டடமே நிலநடுக்கத்தைத் தாங்கும் 493 அதிர்வுத் தாங்கிகள் மீது நிற்கிறது. பெரிய பொறியாளர் கூட்டமே அங்கே வேலை செய்கிறது. இருந்தும், 2022 ஜனவரியில் பிரான்சின் அணுசக்தி பாதுகாப்பு ஆணையம் முக்கியமான இணைப்பு வேலையைத் தொடங்க அனுமதி தர மறுத்துவிட்டது.

காரணம் என்ன? கதிரியக்கத்தை உள்ளேயே அடைத்து வைக்கும் முதல் அரண், வெற்றிடக் கலன். அதன் பிரம்மாண்டமான துண்டுகளின் விளிம்புகள், வரைபடத்தில் இருந்த அளவுக்குச் சரியாக இல்லை. அப்படியே வெல்டிங் செய்தால் இணைப்பு நம்பகமாக இருக்குமா? ஊழியர்களைக் காக்கும் கதிர்வீச்சுத் தடுப்பு போதுமா? தடுப்பை இன்னும் கனமாக்கினால் அடித்தளம் தாங்குமா? இவைதான் ஆணையம் கேட்ட கேள்விகள்.

அதே ஆண்டில், குளிர்விக்கும் குழாய்களில் அரிப்பால் வந்த விரிசல்களும் கண்டுபிடிக்கப்பட்டன. 2022 மே மாதம் உள்ளே இறக்கிய ஒரு பெரும் பகுதியை 2023 ஜூலையில் மறுபடி வெளியே தூக்க வேண்டியதாயிற்று. இப்போதைய அட்டவணைப்படி ஆய்வு இயக்கம் 2034-ல் தொடங்கும். டியூட்டீரியம் - ட்ரிட்டியம் எரிபொருளோடு ஓடப்போவது 2039-ல்.

தாமதம், கூடுதல் செலவு எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பிழைகள் ட்ரிட்டியம் உள்ளே வருவதற்கு முன்னாலேயே சரி செய்யப்படுகின்றன. கதிரியக்கம் ஏறிய பிறகு அதே வேலையை மனிதக் கையால் செய்திருக்கவே முடியாது. ட்ரிட்டியம் ஆலையில் தீப்பிடிப்பது போன்ற மோசமான விபத்து நடந்தாலும் சுற்றுவட்டார மக்களை வெளியேற்றத் தேவை இருக்காது என்று ஈட்டர் சொல்கிறது. அந்த உறுதி, கட்டுமானம் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

யார் கண்காணிப்பது? இங்கேதான் விவாதம்

பிரான்ஸ், ஈட்டரை ஓர் அணுசக்தி நிலையமாகவே நடத்துகிறது. மற்ற நாடுகள் வேறு பாதையில் போகின்றன.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஏப்ரலில் எடுத்த முடிவு இது: இணைவு நிலையங்களை பிளவு உலைகளுக்கான கடுமையான விதிகளின் கீழ் கொண்டுவராமல், துகள் முடுக்கி இயந்திரங்களுக்கான விதிகளை ஒட்டி ஒழுங்குபடுத்தலாம். பிரிட்டனும் 2023-ல் கொண்டுவந்த எரிசக்திச் சட்டத்தில், இணைவு நிலையங்களுக்கு அணு உலை உரிமம் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. சுற்றுச்சூழல் முகமையும் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பும் அவற்றைக் கவனிக்கும்.

'உருகாத உலைக்கு உருகும் உலையின் விதிகள் எதற்கு?' என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. தேவையில்லாத விதிகள் செலவைப் பல மடங்கு கூட்டும். மறுபக்கத்தில் ஒரு கேள்வி நிற்கிறது. மருத்துவமனையில் இருக்கும் துகள் முடுக்கியும், கிலோ கணக்கில் ட்ரிட்டியம் சுற்றும் மின் நிலையமும் ஒன்றா? அந்த நியூட்ரான்களைக் கொண்டு யுரேனியத்தில் இருந்து அணு ஆயுதத்துக்கான புளூட்டோனியம் தயாரிக்கவும் முடியும் என்பதால், சர்வதேசக் கண்காணிப்பு வேண்டும் என்ற குரலும் இருக்கிறது.

இந்தியா எங்கே நிற்கிறது?

2005-ல் ஈட்டரில் சேர்ந்த இந்தியா, அந்த இயந்திரத்தை மொத்தமாக மூடும் 3,850 டன் எடையுள்ள கிரையோஸ்டாட் கலனைச் செய்து கொடுத்தது. குஜராத்தின் ஹசிராவில் எல் அண்ட் டி தயாரித்தது அது. காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாக சொந்த டோகாமாக்குகளை இயக்கி வருகிறது. கல்பாக்கம், கைகா போன்ற கனநீர் உலைகளால் ட்ரிட்டியத்தைக் கையாளும் அனுபவமும் நமக்கு உண்டு. கைகா தந்த பாடமும் அதில் அடக்கம்.

என்ன கேட்க வேண்டும்?

நாளை ஒரு நாள் இணைவு மின் நிலையம் ஓர் ஊருக்கு வந்தால், அந்த ஊர் மக்கள் "வெடிக்குமா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அதற்கான பதில் 'வெடிக்காது' என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு:

* எத்தனை கிலோ ட்ரிட்டியம் உள்ளே இருக்கும்? ஆண்டுக்கு எவ்வளவு காற்றிலும் தண்ணீரிலும் போகும்? அதை அளப்பது யார், வெளியிடுவது யார்?
* கழற்றிய கதிரியக்க எஃகை எங்கே வைப்பார்கள்? 100 ஆண்டுக்கு அந்தச் செலவு யார் பொறுப்பு?
* மின்சாரமே இல்லாமல் போனாலும் சுவர்கள் தானாகக் குளிருமா?
* உள்ளே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் நிரந்தர ஊழியருக்கும் ஒரே மாதிரி கதிர்வீச்சுப் பரிசோதனை உண்டா?
* விளிம்பு ஒன்று அளவு தப்பினால், வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

இணைவு, பிளவைவிடப் பாதுகாப்பான தொழில்நுட்பம் என்பதில் சந்தேகம் இல்லை. கட்டி, இயக்கி, கடைசியில் கழற்றும் வரைக்கும் அந்தப் பாதுகாப்பைக் காப்பாற்ற வேண்டியது மனிதர்கள்தான். பிரான்சில் 2022-ல் ஓர் ஆணையத்தால் 'நிறுத்து' என்று சொல்ல முடிந்தது. முதல் இணைவு மின் நிலையம் எங்கே வந்தாலும், அங்கே அப்படிச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.